மூன்றாவது பொட்டலம்

என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டில் எழுதிய ரெக்கார்டு நோட்டு ஒன்றை இன்றுவரை யாரும் திருப்பித் தரவில்லை. பழுப்பு அட்டை போட்ட நோட்டு. கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனேன். கேட்ட போதெல்லாம், "அது காலேஜ் சொத்துங்க" என்றார்கள். வெள்ளிமலைக்குப் பதினைந்து நாள் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்து என் பெண் எழுதினது எப்படிக் கல்லூரிச் சொத்து ஆகும்? முருகன் அறிய, இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கொதிப்பு ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பல வருஷம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் கொதிப்போடேயே எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம்; நெல்லும் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுவோம். காலையில் குளித்து விபூதி இட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றாமல் நான் வாசற்படி தாண்டியதில்லை. விதை விதைப்பதானாலும் மாடு வாங்குவதானாலும் கோயிலில் பூக்கட்டிக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. இந்தக் கதையில் தப்பும் அங்கேதான் வருகிறது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ரோட்டுக்கு வந்த ஆண்டுகள் அவை. நாளைக்கு பஸ் ஓடுமா, ஓடாதா என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. என் பெண் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் நானும் என் மனைவியும் மகளும் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் சொன்னாள்:

"மூணாவது வருஷத்துக்கு மூணு பிரிவு கீதுப்பா. தணிக்கை, கூட்டுறவு, அலுவலகப் பயிற்சி. ஒண்ணைத்தான் எடுக்கணும்."

"தணிக்கைன்னா இன்னா?"

"ஒருத்தர் எழுதி வெச்சது நெசந்தானான்னு இன்னொருத்தர் போயி பாக்கறது."

"கட்டிக்கப் போறவன் பயந்து ஓடிடுவான்" என்றாள் என் மனைவி. "மத்தது?"

"கூட்டுறவுன்னா சங்கம், ரேஷன் கடை, அந்த மாதிரி. அலுவலகப் பயிற்சின்னா டைப்பு, சுருக்கெழுத்து, லெட்டர் எழுதறது."

"டைப்பு பரவால்ல. நெழல்ல உக்காந்துக்கினு செய்யலாம்."

"உனுக்கு எது புடிச்சிருக்குது, பாப்பா?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. தெரிஞ்சிக்கத்தான் இந்த வருஷம் ஒரு பேப்பரே வெச்சிருக்காங்க."

அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தவர் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு மேடம். ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு கடையிலோ ஆபீசிலோ மில்லிலோ பதினைந்து நாள் போய் உட்கார வேண்டும். நடப்பதைப் பார்த்து ரெக்கார்டு எழுத வேண்டும். "வீட்டுக்குத் திரும்பின பிறகும் எது உங்கள் மண்டையைக் குடைகிறதோ அதுதான் உங்கள் பாடம்" என்று அந்த மேடம் வகுப்பில் சொன்னாராம். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. எந்தப் பயிரை எந்த மண்ணில் வைப்பது என்று நாங்கள் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பதில்லையா? பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வாய்ப்புக் கொடுக்க ஒருவருக்குத் தோன்றியதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது.

யார் எந்த இடத்துக்குப் போவது என்று பெயர் கொடுக்கிற நாள் வந்தது. மாசி மாதம். கள்ளக்குறிச்சியில் பாய் ஒருவரின் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டும் என்று இவளும் இவள் சிநேகிதியும் பேசி வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து விடியற்காலையில் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. நான் அவளைச் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து மிதித்தேன். மரம் கிடந்த இடத்தில் எங்கள் ஊர் ஆட்களே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"இன்னா மாமா, நம்ம புள்ளைங்க படிக்கணும்னுதானே ரோட்டுல நிக்கிறோம். நீ மரத்தைத் தாண்டிப் போறியே?" என்றான் ஒருவன்.

"நம்ம புள்ளைதாண்டா இதுவும். படிக்கத்தான் போவுது. வழி வுடுடா."

"இன்னிக்கு ஒருநாள் படிக்காட்டி இன்னா?"

"இன்னிக்குத்தாண்டா பேரு குடுக்கணும்!"

அவன் தலையைச் சொறிந்தான். மற்றவர்களைப் பார்த்தான். பிறகு இரண்டு பேர் வந்து சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "நல்லாப் படி தங்கச்சி. பெரிய வேலைக்குப் போனா எங்களை மறந்துடாத" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. துறைத் தலைவர் அறையில் பட்டியல் எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அவர் பெரிய படிப்பாளி. வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி.

"பஸ் இல்லீங்க சார். ரோட்டுல மரம்..." என்று ஆரம்பித்தேன்.

"மரத்தை யார் போட்டது? நானா? உங்க ஆளுங்க போட்ட மரம். அதையே காரணம்னு எங்கிட்ட வந்து சொல்றீங்க. நல்லா இருக்குய்யா நியாயம்."

மரத்தை நான் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தூக்கிவிட்ட அந்தப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. சும்மா நின்றேன்.

"வெள்ளிமலையில ஒரு புளி மண்டி மிச்சம் இருக்கு. யாரும் போக மாட்டேன்னுட்டாங்க. போறதுன்னா போகட்டும். இல்லைன்னா பேப்பர் ஃபெயில்."

கள்ளக்குறிச்சியிலேயே கடை கேட்டு வந்தவளை மலை உச்சிக்கு அனுப்பினார். தனியாக அனுப்ப என் மனைவி ஒப்பவில்லை. அறுவடை முடிந்து நான் கொஞ்சம் ஓய்வாக இருந்த நேரம். "நானே கூட போறேன்" என்றேன். தினமும் முதல் பஸ். கள்ளக்குறிச்சியில் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே அவளுக்குத் தலை சுற்றும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மூன்றாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவாள். மேலே போய் இறங்கி முகம் கழுவி ஒரு டீ குடித்தால்தான் ஆள் நிமிர்வாள்.

மண்டி என்றால் ஓட்டுக் கொட்டகை ஒன்று. முதலாளி கீழே ஊரில் இருப்பவர். அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்காக எடை போடும் ஆள் ஒருவர் இருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் துளசி மாலை. மலை ஜனங்கள் தலைச்சுமையாகப் புளி கொண்டுவருவார்கள். தராசில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் மூட்டையிலிருந்து ஒரு கை புளி அள்ளிப் பக்கத்தில் இருந்த மூங்கில் கூடையில் போடுவார்கள். அது மலை மேல் இருக்கும் அவர்கள் சாமிக்கு. எந்த மகசூலானாலும் சாமியின் பிடியை எடுத்துவிட்டுத்தான் விற்பது அவர்கள் வழக்கம். முன்பெல்லாம் அவரவரே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்களாம். "எதுக்கு அவ்ளோ தூரம் நடக்கறீங்க, இங்கியே கூடையில போடுங்க, நான் சேத்துடறேன்" என்று எடைக்காரர் சொன்னதிலிருந்து கூடை வந்ததாம்.

முதல் நாள் அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வறுமையிலும் சாமியை மறக்காத ஜனம். அதற்கு உதவி செய்கிற ஒரு மனுஷன். நான் அந்தக் கூடையைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டேன். அதை எழுத எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் பெண் கும்பிடவில்லை. அவள் நோட்டில் எழுதினாள். கூடை எத்தனை மணிக்கு நிறைந்தது, யார் எடுத்துப் போய்க் கொட்டினார், எந்த மூட்டையில் கொட்டினார். ஒரு நாளைக்கு நாலு தடவை கூடை நிறைந்தது. நாலு தடவையும் எடைக்காரர் கூடையை உள்ளே எடுத்துப் போய், விலைக்கு வாங்கின புளி இருந்த சாக்கிலேயே கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் கேட்டுவிட்டாள். "அண்ணே, சாமி புளி எப்ப கோயிலுக்குப் போவும்?"

"போவும், போவும்."

"எந்தக் கெழமை?"

"சாமிக்கு இன்னா பசி எடுத்துக்கினு கீதா? நீ படிக்க வந்தியா, பூசை பண்ண வந்தியா?" என்று சிரித்தார். என்னைப் பார்த்து, "பெரியவரே, பொண்ணுக்குக் கேள்வி ஜாஸ்தி. மாமியார் வூட்டுல கஷ்டப்படும்" என்றார். நானும் பல்லைக் காட்டினேன். "சும்மா இரு பாப்பா" என்று அவளையே அடக்கினேன்.

தராசுக்கு முன்னால் நின்ற மலைக்கார அம்மா ஒருத்தி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் வயதிருக்கும். புளியைப் போட்டுவிட்டு வெளியே வந்தவள் என் பெண்ணின் கையைப் பிடித்தாள். "கோயிலு பக்கந்தான் கண்ணு. வா, நாமளே கேட்டுக்கினு வரலாம்" என்றாள். அவர்களுக்குப் பக்கம் என்பது நமக்கு ஒரு மணி நேர நடை. நானும் பின்னால் போனேன். மரத்தடியில் கல் சாமி. பூசாரி கிழவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"புளியா?" என்றார் அவர். "ரெண்டு வருசமா ஒரு கொட்டை கூட வரலியே. ஜனத்துக்கு பக்தி கொறைஞ்சிட்டுதுன்னு நான் நெனைச்சிக்கினு கெடக்கறேன்."

"பக்தி கொறைஞ்சிட்டுதா? யாருக்கு?" என்று அந்த அம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஒவ்வொரு தபா போவும்போதும் கை நெறைய அள்ளிப் போடறனே! போன வருசம் என் புருசன் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட ரெண்டு பிடி போட்டேன்!"

"எங்க போட்ட?"

"மண்டியில."

"மண்டியிலயா சாமி கீது?"

அந்த அம்மா வேலி முள்ளைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையை நான் மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. சாமி சொத்தைத் தின்றவன் உருப்படுவானா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். என் பெண் திட்டவில்லை. "பதினஞ்சி நாளும் எழுதணும்பா. இப்ப சண்டை போட்டா கூடையை எடுத்துடுவாரு" என்றாள். சொன்னபடி ஒருநாள் விடாமல் எழுதினாள். கடைசி நாள் லாரியில் மூட்டைகள் ஏறியதையும் பார்த்து எழுதினாள். கோயில் பக்கம் ஒரு மூட்டையும் போகவில்லை.

அன்று கீழே இறங்கும் பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரவில்லை.

"அப்பா, எனக்குத் தெரிஞ்சி போச்சி."

"இன்னா தெரிஞ்சி போச்சி?"

"நான் தணிக்கைதான் எடுக்கப் போறேன். அந்தக் கூடை என் மண்டையைக் குடைஞ்சிக்கினே கீது. எவ்ளோ பேரு வூட்டுல, எவ்ளோ ஆபீசுல இந்த மாதிரி கூடை இருக்கும்? யாராவது போயி பாக்கணுமில்ல?"

அந்த மேடம் சொன்ன மாதிரியே நடந்துவிட்டது. பாடத்தை இவள் தேர்ந்தெடுக்கவில்லை, பாடம் இவளைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ரெக்கார்டு கொடுத்த மறு வாரம், பெற்றோர் வந்து மூன்றாம் ஆண்டுப் பிரிவுக்கான படிவம் வாங்கிப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனேன். துறைத் தலைவர் மேஜையில் அவளுடைய நோட்டு கிடந்தது.

"என்னய்யா இது, ரெக்கார்டா, புகார் மனுவா? கொள்முதல், இருப்பு, விற்பனை எழுதச் சொன்னா, கோயில் கூடையை எழுதியிருக்கா உங்க பொண்ணு. மண்டி முதலாளி நம்ம காலேஜுக்கு வேண்டியவர். அவர் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"அவ பார்த்ததைத்தானுங்க எழுதினா."

"பார்க்கிறதெல்லாம் எழுதறதா? சரி, அது போகட்டும். தணிக்கைப் பிரிவு உங்களுக்கு ஒத்துவராது. இங்கிலீஷ் வேணும், டவுன்ல பழக்கம் வேணும். உங்க ஜனத்துக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? ஒதுக்கீடு கேட்டு மரம் வெட்டறீங்க. நாளைக்குக் கிடைச்சா டைப்பிஸ்ட் வேலை வீடு தேடி வரும். அலுவலகப் பயிற்சி எடுக்கட்டும். அது வேண்டாம்னா கூட்டுறவு. இந்த ரெண்டுல ஒண்ணு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

படிவத்தை ஒரு கட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். கட்டை அவர் விரலால் புரட்டியபோது நான் பார்த்தேன். மேலே பெயர், அடுத்த வரியில் சமூகம், கீழே மூன்று கட்டங்கள். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்பே கட்டங்களில் பென்சிலால் கோடு விழுந்திருந்தது. எங்கள் சமூகம் என்று எழுதியிருந்த படிவத்தில் எல்லாம் அலுவலகப் பயிற்சி. மலைப் பிள்ளை ஒருவனுடையதில் கூட்டுறவு. தணிக்கையில் கோடு விழுந்ததெல்லாம் வேறு சமூகத்துப் பெயர்கள். எட்டாவது படித்த எனக்கே இரண்டாவது வரியைப் பார்த்தால் கோடு எங்கே இருக்கும் என்று சொல்லிவிட முடிந்தது. அப்புறம் எதற்குப் பதினைந்து நாள்? எதற்கு ரெக்கார்டு? எதற்கு என் பெண்ணை மலைக்கு அனுப்பினீர்கள்? விருப்பம் என்ன என்று கேட்டுவிட்டு, கேட்பதற்கு முன்பே பதிலை எழுதி வைப்பதற்குப் படித்தவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் திருட்டு என்போம்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அங்கே சொல்லவில்லை. "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பெரிய படிப்புப் படித்தவர் சொல்கிறார். ஒருவேளை அதுவே நல்லதாக இருக்குமோ என்ற பயம். வீட்டில் மனைவிக்கும் அதே பயம். நாங்கள் குழம்பினால் போகிற இடம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அலுவலகப் பயிற்சி, சிவப்பு வந்தால் கூட்டுறவு. வாழை இலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் பாதத்தில் வைத்தோம். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது. கோயில் படியிலேயே உட்கார்ந்து பென்சில் கோடு இருந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை உரம் வாங்கக் கள்ளக்குறிச்சி போனவன், வழியில் கல்லூரியில் இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அம்மன் உத்தரவு ஆன பிறகு பெண்ணைக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவள் கல்லூரியிலிருந்து வந்து கால் கழுவும்போது சொன்னேன். கையில் சொம்போடு அப்படியே நின்றாள்.

"எத்தினி பொட்டலம்பா கட்டின?"

"ரெண்டு."

"இன்னா இன்னா?"

சொன்னேன்.

"நான் கேட்டது எங்கப்பா? மூணாவது பொட்டலம் எங்க?"

"சார் ரெண்டுதான் சொன்னாரு..." என்றேன்.

"சார் சொன்ன ரெண்டைத்தான் நீ அம்மனுக்குச் சொன்ன. கட்டாத பொட்டலத்தை அம்மன் எப்படிப்பா எடுத்துக் குடுக்கும்?" என்றாள். கத்தவில்லை. சொம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மன் மேல் தப்பே இல்லை. தாய் முன்னால் நான் போய் நின்றது என் பெண்ணுக்காக இல்லை, அந்தக் கண்ணாடிக்காரருக்காக. அவர் பென்சிலால் போட்டதை நான் பூவால் கட்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மலையில் ஒருவன் சாமி பேரைச் சொல்லி அடுத்தவர் கைப்பிடியைப் பிடுங்கினான் என்று வாய் ஓயாமல் திட்டினேனே, நான் செய்தது மட்டும் என்ன? அன்றைக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மறுநாள் காலை விபூதி இட்டுக்கொண்டு அவளோடேயே பஸ் ஏறினேன்.

துறைத் தலைவர் அறையில் இருந்தார். "அந்த ஃபாரத்தைத் திருப்பிக் குடுங்க சார். தப்பா கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன்.

"கொடுத்தது கொடுத்ததுதான். போங்க."

நான் வெளியே வந்தேன். தோளில் இருந்த துண்டை உதறி, அவர் அறை வாசலுக்குக் குறுக்கே விரித்து உட்கார்ந்தேன். அத்தனை மறியல் நடந்த ஆண்டுகளில் ஒருநாளும் ரோட்டில் உட்காராதவன் நான். நமக்கு எதுக்கு வம்பு என்று ஒதுங்கியே இருந்தவன்.

பியூன் ஓடிவந்தார். "பெரியவரே, வழியில உக்காந்தா எப்படி? எழுந்திருங்க."

"ஃபாரம் வந்தா எழுந்திருக்கறேன் தம்பி."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்கயும் மறியலா? போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க சார். மரம் போட்ட பசங்களையே வெக்க எடமில்லாம அவங்க முழிச்சிக்கினு கீறாங்க. என்னை எங்க வெப்பாங்க?"

வராந்தாவில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மணி அடித்தது. அவருக்கு வகுப்பு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தார். அந்த அறைக்கு ஒரே வாசல். நான் காலை நீட்டிக்கொண்டேன். வயதில் மூத்தவன், நெற்றியில் விபூதி. தாண்டிப் போக அவருக்குக் கால் வரவில்லை. ஒரு காலைத் தூக்கினவர் திரும்ப வைத்துவிட்டார்.

"தாண்டிப் போங்க சார்" என்றேன். "எங்க ஜனத்தைத் தாண்டிப் போறது உங்களுக்குப் புதுசு இல்லியே."

அவர் முகம் சிவந்தது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது அந்தப் பேப்பர் நடத்தும் மேடம் வந்தார். நான் அவரை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஒல்லியாக, என் பெண்ணுக்கு அக்கா மாதிரி இருந்தார். என் காலுக்கு இந்தப் பக்கமே நின்று உள்ளே பார்த்துப் பேசினார்.

"சார், அறுபது ரெக்கார்டு படிச்சேன். பாதிப் பேர் மாதிரிக்கு போர்டுல எழுதிப் போட்டதைக் காப்பி அடிச்சிருக்காங்க. இந்தப் பேப்பர் எதுக்குன்னு புரிஞ்சு எழுதினது இந்தப் பொண்ணு ஒருத்திதான்."

"மேடம், நீங்க உங்க கிளாசுக்குப் போங்க."

"இவங்க அப்பா எழுந்தா போறேன் சார்."

அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. குரல் நடுங்கியது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அந்த நடுக்கத்தோடு அவர் நின்ற நிலையை என் சாமி அறையில் வைத்துக் கும்பிடலாம்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் துறைத் தலைவர் கட்டை அவிழ்த்து, ஒரு காகிதத்தை உருவி என் பக்கம் வீசினார். அது தரையில் விழுந்தது.

"வீசாதீங்க சார். அதுல என் கையெழுத்து கீது" என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிள்ளைகள் கூட்டத்தில் நின்ற என் பெண்ணைக் கூப்பிட்டேன். நான் பேனாவால் போட்ட கோட்டை அவள் அடித்தாள். சுவரில் காகிதத்தை வைத்துத் தணிக்கைக் கட்டத்தில் கோடு போட்டாள். பக்கத்தில் நான் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். மேடமும் ஓரத்தில் ஒரு கையெழுத்து வைத்தார். துண்டை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் தணிக்கை படித்தாள். பலருடைய புத்தகங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வேலையில்தான் இன்று இருக்கிறாள். மாமியார் வீட்டில் ஒரு கஷ்டமும் படவில்லை. அந்த ரெக்கார்டுக்கு மட்டும் நாற்பது மார்க் போட்டிருந்தார்கள். தேறுவதற்கு வேண்டியது நாற்பது. நோட்டு வரவில்லை. மறுவருஷம் மாசியில் மலைக்கு வேண்டுதலுக்குப் போனோம். கொட்டகையில் கூடை இல்லை. அந்த அம்மா கோயிலில் புளியோடு நின்றிருந்தாள். "நாங்களே கொண்டாந்துடறோம் கண்ணு" என்றாள். அந்தக் கூடையை எழுதின நோட்டுக்குத்தான் நாற்பது.

எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். அன்றைக்கு ஒருவனாக உட்கார்ந்து ஜெயித்துவிட்டான் என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அது இனிக்கவில்லை. அவர் கட்டை அவிழ்த்தபோது மேலே கிடந்த படிவத்தை நான் பார்த்தேன். எங்கள் ஜனத்துப் பெயர். அலுவலகப் பயிற்சியில் பென்சில் கோடு. அதற்கு அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் மலைப் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளைகளும் பதினைந்து நாள் எங்கேயோ போய் உட்கார்ந்து பார்த்துத்தானே எழுதியிருப்பார்கள்? அவர்கள் மண்டையை எது குடைந்தது என்று யார் கேட்டார்கள்? வாசலை நான் மறித்துக்கொண்டிருந்தேன். அவரால் தாண்ட முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டு முழுவதும் வெளியே வந்திருக்கும்.

என் பெண்ணுடையது கையில் வந்ததும் எழுந்துவிட்டேன்.